ஷேவிங் பிரஷ் மாற்றப் போகிறேன், எந்த முடி நல்லது?

நண்பர்களே, வணக்கம். இரண்டு வருடமாக டபுள் எட்ஜ் ரேசரும் கட்டி சோப்புமாகத்தான் ஷேவ் செய்கிறேன். ரேசரில் கை பழகிவிட்டது. பிரஷ்தான் இன்னும் சரியாக அமையவில்லை.

இப்போது இருப்பது பன்றி முடி பிரஷ். தினமும் ஷேவ் செய்வதற்கு முன் சில நிமிடம் வெந்நீரில் ஊற வைக்கிறேன். பழகப் பழக நுனி பிளந்து மிருதுவாகும் என்றார்கள். ஓரளவு ஆனது உண்மைதான். ஆனால் இப்போது நடுவிலிருந்து முடி உதிர ஆரம்பித்துவிட்டது. முகத்தில் ஒட்டிய முடியை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஷேவ் செய்வது பெரிய எரிச்சல்.

பேட்ஜர் என்ற விலங்கின் முடி தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும், நுரை கதகதப்பாக இருக்கும் என்கிறார்கள். சிந்தெடிக் (செயற்கை இழை) என்றால் ஊற வைக்க வேண்டாம், சீக்கிரம் காய்ந்துவிடும். நான் அடிக்கடி பயணம் போகிறவன், அதனால் மனசு சிந்தெடிக் பக்கம்தான் சாய்கிறது. விலங்கு முடி வேண்டாம் என்ற எண்ணமும் கொஞ்ச நாளாக இருக்கிறது.

என் சந்தேகம் இதுதான். நான் கிண்ணத்தில் நுரை கலக்குவதில்லை, நேராக முகத்திலேயே தேய்த்து நுரை எழுப்புவேன். அதற்குக் கொஞ்சம் விறைப்பான பிரஷ் வேண்டும். சிந்தெடிக்கில் அந்த விறைப்பு கிடைக்குமா? முடிக்கற்றையின் விட்டம் 24 மில்லிமீட்டர் போதுமா, 26 எடுக்கலாமா? மூக்குக்குக் கீழே பெரிய பிரஷ் இடிக்குமோ என்று தயக்கம்.

விலங்கு முடி, சிந்தெடிக் இரண்டையும் பல மாதம் பயன்படுத்தியவர்கள் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.