டைமிங் லைட்டில் 44 டிகிரி, மேனுவலில் 22: அவுட்போர்டு டைமிங்கைக் குறைக்கலாமா?

கடல்புறத்தான் (குளச்சல்):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஃபைபர் வள்ளத்தில் 40 ஹெச்பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு ஓடுகிறது. இரண்டு சிலிண்டர், சிடிஐ இக்னிஷன், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்வோம்.

சில வாரங்களாக முழு திராட்டிலில் இழுவை இல்லை. பிளக்கைக் கழற்றினால் நுனி வெளுத்துக் கிடக்கிறது. வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாகச் சாம்பல் நிறப் புள்ளிகள். கார்புரேட்டரைச் சுத்தம் செய்தாயிற்று, ஜெட்டில் அடைப்பு இல்லை. ஸ்டார்ட் செய்யும்போது சில நேரம் கயிறு கையைப் பிடுங்குகிறது.

டைமிங்கை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு எத்தனை டிகிரி முன்னால் தீப்பொறி வருகிறது என்பதை, பார்த்துவிடலாம் என்று ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் தீப்பொறி வரும்போது மின்னும் டைமிங் லைட் இரவல் வாங்கினேன். பின்பக்கம் அட்வான்ஸ் டயலும் ஆர்பிஎம் காட்டும் சின்னத் திரையும் உள்ளது. வள்ளத்தைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டு முழு திராட்டிலில் பார்த்தேன். டயலை 44 வரை திருப்பினால்தான் மோட்டார் மேலே சுழலும் ஃப்ளைவீலின் கோடு பூஜ்யத்துக்கு வருகிறது. மேனுவலில் 22 என்று போட்டிருக்கிறது. ஐடிலில் திரையில் 1900 ஆர்பிஎம். அவ்வளவு வேகம் நிச்சயமாக இல்லை.

டைமிங்கை மாற்றும் லிங்க் ராடைத் திருகி 22-க்குக் கொண்டுவரலாமா? அப்புறம், சொந்தமாக ஒரு லைட் வாங்குவதானால் எதை வாங்க வேண்டும்?

தூத்துக்குடி மெக்கானிக்:

லிங்க் ராடைத் தொடாதீர்கள் தம்பி. லைட் கெட்டுப்போகவில்லை, அது உங்கள் மோட்டாரை ஃபோர் ஸ்ட்ரோக் என்று நினைத்துக் கணக்குப் போடுகிறது.

கார் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு தீப்பொறி. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. லைட்டுக்கு இது தெரியாது. ஒரு தீப்பொறிக்கும் அடுத்ததுக்கும் இடையில் 720 டிகிரி என்று வைத்துக்கொள்கிறது, உங்கள் மோட்டாரில் அது 360 தான். அதனால் ஆர்பிஎம் இரண்டு மடங்காகத் தெரியும். உங்கள் 1900 உண்மையில் 950. டயலும் அப்படியே, அதைத் திருப்பிய அளவுக்கு லைட் தாமதித்து மின்னும். 44 என்று வைத்தால் லைட் தாமதிப்பது கிராங்கின் (பிஸ்டன் சுழற்றும் தண்டின்) 22 டிகிரிதான். 44-ஐ நம்பி டயலில் 22 வரும்வரை குறைத்திருந்தால் மோட்டார் உண்மையில் 11-ல் ஓடும். இழுவை இன்னும் போகும், எக்ஸாஸ்ட் கொதிக்கும்.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். இக்னிஷன் காயில் இரண்டு தனித்தனியாக இருக்கிறதா, அல்லது ஒரே காயிலிலிருந்து இரண்டு பிளக் வயர் வருகிறதா? ஒரே காயில் இரண்டு பிளக்கையும் ஒன்றாக அடிக்கும் வகையாக இருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு தீப்பொறி. அப்போது இரண்டால் வகுத்தால் போதாது, நான்கால் வகுக்க வேண்டும்.

வாங்குவதைப் பற்றி: டயலே இல்லாத சாதாரண செனான் லைட் போதும். தீப்பொறி வந்த கணத்தில் மின்னும், வேறு கணக்கு எதுவும் போடாது. டூ ஸ்ட்ரோக் லைட், ஃபோர் ஸ்ட்ரோக் லைட் என்ற பேச்சே அதில் கிடையாது. டயல் வேண்டும் என்றால் டூ ஸ்ட்ரோக்குக்கு மாற்றும் வசதி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பிளக் வயர்மேல் கவ்வும் இண்டக்டிவ் கிளாம்ப் கட்டாயம். மலிவான எல்இடி லைட் வெயிலில் தெரிவதில்லை. சாயங்காலமாகப் பாருங்கள், இல்லையென்றால் மேலே தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள். கோட்டில் வெள்ளை பெயின்ட் ஒரு துளி.

கயிறு ஸ்டார்ட் மோட்டாரில் பேட்டரி இருக்காது. சிலர் விளக்குக்கு வரும் காயில் வயரிலேயே லைட்டை மாட்டுகிறார்கள், அது ஏசி, வேகம் ஏற ஏற வோல்ட்டும் ஏறும், லைட் போய்விடும். தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். கிளாம்ப்பில் உள்ள அம்புக்குறி பிளக்கைப் பார்த்து இருக்க வேண்டும். அதன் இரண்டு தாடையும் நன்றாக மூட வேண்டும், நடுவில் ஒரு மணல் துகள் இருந்தாலும் மின்னல் விட்டுவிட்டு வரும். அடுத்த சிலிண்டர் வயருக்கு ஒட்டினாற்போல் போடாதீர்கள். அப்படியும் கண்டபடி மின்னினால் பிளக் நம்பரைப் பாருங்கள். என்ஜிகேயில் பிஆர்7எச்எஸ் என்பதுபோல ஆர் எழுத்து இருந்தால் ரெசிஸ்டர் உள்ள பிளக், தொந்தரவு குறையும்.

கடல்புறத்தான்:

காயில் இரண்டு, தனித்தனி. அப்படியானால் 22 சரியாகத்தான் இருக்கிறது. டைமிங் பக்கம் கோளாறு இல்லை என்று விட்டுவிடலாமா?

மன்னார் ஓபிஎம்:

தம்பி, அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். கயிறு கையைப் பிடுங்குகிறது என்று முதலில் எழுதினீர்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. பிளக்கில் தெரியும் அந்தச் சாம்பல் புள்ளிகள் பிஸ்டனிலிருந்து தெறித்த அலுமினியமாக இருக்கலாம். கயிறு பிடுங்குவது, புள்ளி, வெளுத்த நுனி மூன்றும் சேர்ந்தால் தீப்பொறி முந்தி வருகிறது என்றுதான் நான் எடுப்பேன்.

லைட் 22 என்று காட்டுகிறதே என்பீர்கள். லைட்டுக்குத் தெரிவது ஃப்ளைவீல் மட்டும், பிஸ்டன் தெரியாது. தீப்பொறியைக் கிளப்பும் காந்தமும் ஃப்ளைவீலில்தான், நீங்கள் பார்க்கும் கோடும் ஃப்ளைவீலில்தான். கிராங்குக்கும் ஃப்ளைவீலுக்கும் இடையில் உள்ள கீ (இரண்டையும் சரியான நிலையில் பொருத்தும் சின்ன உலோகத் துண்டு) பாதி அறுந்து ஃப்ளைவீல் கொஞ்சம் திரும்பியிருந்தால் காந்தமும் கோடும் சேர்ந்தே திரும்பியிருக்கும். லைட் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

அண்மையில் புரொப்பெல்லரில் வலை சுற்றியதா, கடலடிப் பாரில் (பாறையில்) தட்டியதா? ஓட்டத்தில் சட்டென்று நின்றால் கிராங்க் நிற்கும், கனமான ஃப்ளைவீல் முன்னால் போகப் பார்க்கும். கீ நசுங்குவது அங்கேதான்.

பார்க்கும் விதம் சொல்கிறேன். கில் சுவிட்ச் கிளிப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பிளக்கையும் எடுங்கள், வயர்களை எர்த்தில் மாட்டுங்கள். மேல் சிலிண்டர் பிளக் ஓட்டையில் பிஸ்டன் நகர்வை அளக்கும் டயல் கேஜ் வையுங்கள். பிஸ்டன் உச்சியில் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பதுபோல இருக்கும், அதனால் கண்ணால் உச்சியைப் பிடிக்க முடியாது. உச்சிக்கு 3 மில்லிமீட்டர் முன்னால், மோட்டாரில் அசையாமல் இருக்கும் டைமிங் முள்ளுக்கு நேரே ஃப்ளைவீலில் ஒரு கோடு போடுங்கள். தாண்டி இறங்கி அதே 3 மில்லிமீட்டரில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுதான் உண்மையான டிடிசி, அதாவது பிஸ்டனின் உச்சி. ஃப்ளைவீலை ஓடும் திசையில் மட்டும் திருப்புங்கள், பின்னுக்குத் திருப்பினால் வாட்டர் பம்ப் இம்பெல்லர் இதழ் மடங்கிவிடும்.

அந்த நடுக்கோட்டை முள்ளுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கம்பெனி போட்ட டிடிசி கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முள்ளைத் தாண்டி முன்னால் போயிருந்தால் தீப்பொறி அவ்வளவுக்கு முந்தி வருகிறது என்று அர்த்தம். ஃப்ளைவீல் விளிம்பை டேப்பால் சுற்றி அளந்து 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று வந்துவிடும்.

இன்னொன்று, வலு கவனமாக இருங்கள். லைட் அடிக்கும்போது ஓடுகிற ஃப்ளைவீல் நின்றதுபோலவே தெரியும். கை தானாக அதன் பக்கம் போகும். தோளில் துண்டு, தொங்கும் வயர், பொத்தான் போடாத சட்டை எதுவும் வேண்டாம். திராட்டிலை வேறு ஒருவர் பிடிக்கட்டும், கில் சுவிட்ச் கயிறு அவர் கையில் இருக்கட்டும்.

தூத்துக்குடி மெக்கானிக்:

மன்னார் அண்ணன் சொல்வதுதான் சரி, நான் லைட் கணக்கோடு நிறுத்திவிட்டேன். முதலில் கீயைப் பாருங்கள். அதுவரை மண்ணெண்ணெயில் முழு வேகத்தில் ஓட்ட வேண்டாம். அதன் ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு) பெட்ரோலைவிட ரொம்பக் குறைவு. டைமிங் முந்தியிருக்கும்போது அதில் ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும்) சத்தம் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், இந்த இரைச்சலில் அது காதில் விழவே விழாது.

கடல்புறத்தான்:

பார்த்தாயிற்று. லேத் பட்டறையில் டயல் கேஜ் வாங்கி அண்ணன் சொன்னபடியே செய்தேன். பிஸ்டன் உண்மையான உச்சியில் நிற்கும்போது கம்பெனிக் கோடு முள்ளைத் தாண்டி 12 மில்லிமீட்டர் போய் நிற்கிறது. விளிம்புச் சுற்றளவு 630 மில்லிமீட்டர், அதாவது டிகிரிக்கு 1.75. கிட்டத்தட்ட 7 டிகிரி. லைட் 22 என்று சொன்ன நேரத்தில் மோட்டார் 29-ல் ஓடியிருக்கிறது.

புல்லர் போட்டு ஃப்ளைவீலைக் கழற்றினால், கீயில் படிபோல ஒரு வெட்டு. பாதிக்குமேல் அறுந்து, மேல்பாதி ஒருபக்கம் தள்ளி நிற்கிறது. வலை சுற்றி நின்றதும் உண்மைதான், அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. நல்லவேளையாக கிராங்கின் கீ பள்ளம் அடிவாங்கவில்லை.

புது கீ போட்டாயிற்று. மறுபடி அதே லைட்டைப் பிடித்தால் அதே 44! ஆனால் கயிறு கையைப் பிடுங்கவில்லை, இழுவையும் திரும்பிவிட்டது. மண்ணெண்ணெயில் ஓடுவதால் 22-லிருந்து ஒன்றிரண்டு டிகிரி குறைத்து வைத்தால் நல்லதா?

மன்னார் ஓபிஎம்:

கிராங்கிலும் ஃப்ளைவீலிலும் உள்ள டேப்பர் (கூம்புப் பகுதி) இரண்டையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துத்தானே மாட்டினீர்கள்? ஃப்ளைவீலைப் பிடித்து வைத்திருப்பது அந்த டேப்பரின் பிடிதான், கீ இடத்தைக் காட்ட மட்டும். கிரீஸ் தடவியிருந்தால் கழற்றித் துடைத்துவிட்டு, மேனுவலில் உள்ள டார்க்கில் நட்டை முறுக்குங்கள். கை அளவில் முறுக்கினால் இந்தக் கீயும் போகும்.

தூத்துக்குடி மெக்கானிக்:

22 என்று போட்ட மேனுவல் மண்ணெண்ணெய் மாடலுக்கு உள்ளதா, பெட்ரோல் மாடலுக்கு உள்ளதா என்று அட்டையில் பாருங்கள். மண்ணெண்ணெய் மாடல் என்றால் அந்த எண்ணை மண்ணெண்ணெய்க்காகவே கொடுத்திருக்கிறார்கள், மாற்ற வேண்டாம். பெட்ரோல் மாடலில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறீர்கள் என்றால் டைமிங்கை மட்டும் குறைத்து ஒப்பேற்ற முடியாது. மண்ணெண்ணெய் மாடலில் கம்ப்ரஷனையே குறைத்திருப்பார்கள், உங்களுடையதில் அது குறைந்திருக்காது.

அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இத்தனை நாள் 29-ல் ஓடிய மோட்டார், இரண்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் எடுத்துப் பாருங்கள். பிளக் ஓட்டை வழியாக டார்ச் அடித்து பிஸ்டன் தலையையும் பாருங்கள். விளிம்பு அரித்து மணல்போலச் சொரசொரப்பாக இருந்தால் ஹெட்டைக் கழற்றாமல் கடலுக்குப் போக வேண்டாம். படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.