ஏசிஎல் ஒப்பரேஷனுக்குப் பிறகு தொடை மெலிஞ்சு போச்சு, எங்க இருந்து தொடங்கிறது?

உப்புவெளி விங்கர்:
வலது முழங்காலில ஏசிஎல் (மூட்டுக்குள்ள எலும்புகளைப் பிடிச்சிருக்கிற நார்) ஒப்பரேஷன் முடிஞ்சு ஆறாவது கிழமை. அதுக்குப் பதிலாப் பின்தொடைத் தசைநார் எடுத்து வைச்சது. ஊன்றுகோல் விட்டாச்சு. முழங்கால் சில்லுக்கு 15 சென்ரிமீற்றர் மேல அளந்தால் வலது தொடை மற்றதைவிட 4 சென்ரிமீற்றர் குறைவு. இறுக்கினாலும் தசை இறுகுதில்லை. பின்னேரம் கடற்கரையில நடந்தால் அடுத்த நாள் வீக்கம். இந்த மெலிவு திரும்புமா? மூச்சுப்பலம் முழுக்கப் போகாமல் இப்பவே என்ன செய்யலாம்?

முழங்கால் பிசியோ:
திரும்பும் தம்பி. ஆனால் முதல்ல பார்க்க வேண்டியது மெலிவை இல்லை, வீக்கத்தை. மூட்டுக்குள்ள 20, 30 மில்லிலீற்றர் நீர் நின்றாலே முன்தொடையின் உள்பக்கத் தசைக்குப் போற கட்டளையை நரம்பு அடக்கிப் போடும். தசை இறுகாததுக்குக் காரணம் அதுதான், சோம்பல் இல்லை. வீங்கின காலில பாரம் கூட்டினால் மற்றத் தசைகள்தான் வேலை செய்யும், முன்தொடை சும்மா கிடக்கும்.

நீர் இருக்கோ எண்டு நீங்களே பார்க்கலாம். காலை நீட்டிப் படுத்து, சில்லுக்கு உள்பக்கமா இருக்கிற பள்ளத்தை உள்ளங்கையால தொடைப் பக்கம் மேல ரெண்டு மூண்டு தரம் வழியுங்கோ. பிறகு வெளிப்பக்கத்தை மேல இருந்து கீழ வழியுங்கோ. உள்பக்கப் பள்ளம் மெல்ல நிரம்பி எழும்பினால் நீர் இருக்கு. காலமை எழும்பின உடன இதைப் பாருங்கோ. நேற்றையவிடக் கூட எண்டால், நேற்றுச் செய்தது கூடிப்போச்சு. அண்டைக்குப் பாரம் குறைச்சு, காலை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி, துவாய் சுத்தின ஐஸ் 15 நிமிசம்.

அடுத்தது, கால் முழுக்க நீளுதா? குதிக்காலுக்குக் கீழ சுருட்டின துவாயை வைச்சு முழங்காலைத் தொங்க விட்டு 10 நிமிசம், நாளைக்கு மூண்டு தரம். அந்த நிலையிலேயே முன்தொடையை இறுக்கி முழங்காலின் பின்பக்கத்தைக் கீழ அமத்திப் 10 செக்கன் பிடியுங்கோ, 10 தரம். மற்றக் காலையும் சேர்த்து இறுக்கினால் தசை கெதியா விளங்கிக்கொள்ளும். முழங்கால் மடங்காமல் காலை நேராத் தூக்க முடிஞ்ச பிறகுதான் கதிரையில இருந்து எழும்பிறது, 10 சென்ரிமீற்றர் படி ஏறுறது எல்லாம். எழும்பேக்க பாரம் நல்ல காலுக்குச் சாயுதா எண்டு கண்ணாடியில பாருங்கோ. அனேகம் பேர் இங்கதான் ஏமாறுகினம்.

நிலாவெளி ஓட்டம்:
கடற்கரை நடை இப்ப வேண்டாம். பொடி மணலில பாதம் புதைஞ்சு முழங்கால் திருகும். ஈர மணல் இறுக்கம்தான், ஆனால் கடல் பக்கம் சரிவு, ஒரு கால் எப்பவும் பதிவா நிற்கும். தார் றோட்டில வெயில் ஏற முதல் நடவுங்கோ. கோணேசர் கோயில் ஏற்றமும் பிறகு பார்க்கலாம். ஏறுறது பரவாயில்லை, இறங்கேக்கதான் முன்தொடைக்குக் கஷ்டம்.

மூச்சுப்பலத்துக்கு ஒரே இடத்தில நின்று மிதிக்கிற சைக்கிள். முழங்கால் 110 பாகையளவு மடங்கினால் சீற்றை உயர்த்தி, இறுக்கம் இல்லாமல் 10 நிமிசத்தில தொடங்கலாம். வலி இல்லாத காலுக்கும் கைக்கும் பாரப் பயிற்சியை விடாதேங்கோ. ஒரு காலுக்குச் செய்யிற பயிற்சியின் பலம் கொஞ்சம் மற்றக் காலுக்கும் போகும்.

சாப்பாட்டில சோற்றைக் குவிச்சுக் கறியைத் தொட்டுக்கொண்டால் தசை வராது. 70 கிலோ ஆளுக்கு நாளைக்கு 110 கிராம் புரதம் கணக்கு. 100 கிராம் சூரை மீனில 20 கிராமுக்கு மேல, ஒரு முட்டையில 6. பருப்பு, தயிரை மூண்டு வேளைக்கும் பிரிச்சு எடுங்கோ.

முழங்கால் பிசியோ:
ஒரு எச்சரிக்கை. வைச்ச தசைநார் உள்ள போய் முதல்ல செத்து, பிறகு புதுசா உயிர்பிடிக்கும். 6 முதல் 12 கிழமை வரைக்கும்தான் அது ஆகப் பலவீனம். வலி குறைஞ்சு கால் நல்லாயிட்ட மாதிரித் தெரியிறதும் அதே காலம்தான், அதனாலதான் பந்தைத் தட்டிப் பார்க்க மனம் வருது. தட்ட வேண்டாம். பின்தொடையில இருந்து எடுத்தபடியால் பாரம் கட்டிக் குதிக்காலை மடக்கிறதையும் உங்கட சேர்ஜனோ பிசியோவோ சொல்லும் வரைக்கும் செய்யாதேங்கோ. போட்டிக்கு ஆகக் குறைஞ்சது 9 மாதம். அதுவும் ஒற்றைக்காலில பாயிற தூரமும் தொடைப் பலமும் மற்றக் காலின் 90 வீதத்துக்கு வந்த பிறகுதான்.

கெண்டைக்கால் இறுகி நோகுது, திடீரெண்டு மூச்சு வாங்குது, காய்ச்சல், காயத்தில கசிவு எண்டால் பயிற்சியை யோசிக்காமல் உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

உப்புவெளி விங்கர்:
நன்றி. கடலில நீந்தலாமா? தொழேக்க முழங்கால் ஊன்றலாமா?

நிலாவெளி ஓட்டம்:
காயம் முழுக்க மூடி டொக்டர் ஓம் எண்டால் இடுப்பளவு தண்ணியில நடக்கலாம், அலை இல்லாத நாளில மட்டும். தவளை மாதிரிக் காலை விரிச்சு உதைக்கிற நீச்சல் கூடாது, அது முழங்காலைத் திருகும்.

முழங்கால் பிசியோ:
இப்ப கதிரையில இருந்து தொழுங்கோ. பிறகு ஊன்றத் தொடங்கேக்க மெத்தை போட்டு, முதல்ல ரெண்டு கையிலயும் பாரத்தைக் குடுங்கோ. தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்த மாதிரி இருந்தால் பயப்படாதேங்கோ, தோல் நரம்பு வெட்டுப்படுறதால வாறது. அந்த இடத்தில சூடு, உரசல் தெரியாது, அதனால தோலைக் கண்ணால பார்த்துக்கொள்ள வேணும்.