அவசரம்: கடப்பிதழ்ல ஏ/பி இருக்கு, டிக்கெட்ல இல்ல. விமானம் ஏற விடுவாங்களா?

சிப்புட்பொண்ணு:
வணக்கம் எல்லாருக்கும். ஜப்பானுக்கு டிக்கெட் எடுத்தாச்சு, தனியாத்தான் போறேன். இப்பதான் கவனிச்சேன், கடப்பிதழ்ல அப்பா பேருக்கு முன்னாடி மகள்னு காட்டுற ஏ/பி இருக்கு, டிக்கெட்ல இல்ல. "ஏர்போர்ட்ல திருப்பி அனுப்பிட்டா என்ன பண்ணுவே"ன்னு அம்மா காலையில இருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. பட்டப்படிப்பு முடிச்சாச்சு, ஆகஸ்ட் 1 வேலையில சேரணும். சேர்ந்துட்டா இந்த மாதிரி லீவு எப்போ கிடைக்கும்னு தெரியாது. எல்லாம் பகுதி நேர வேலையில சேர்த்த காசு. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

ஈப்போ ரவி:
எந்தத் தேதி? நேரா போற விமானமா, எங்கயாவது மாறணுமா? விமான நிறுவனத்துகிட்டயே எடுத்தீங்களா, வேற புக்கிங் தளத்துலயா? டிக்கெட்ல பேரு எப்படி விழுந்திருக்கு? இது ஒன்னும் சொல்லாம நாங்க எதைப் பார்த்துப் பதில் சொல்றது தங்கச்சி?

மலர்_தைப்பிங்:
ஒன்னும் ஆகாதுலா, பயப்படாதீங்க. நான் ஏ/பி இல்லாத டிக்கெட்டோட கொரியா போயிருக்கேன், தாய்லாந்து போயிருக்கேன். கவுண்டர்ல ஒரு வார்த்தை கேக்கல.

சேகர் (மூத்த உறுப்பினர்):
இந்தக் கேள்வி இங்க எத்தனையோ தடவை வந்தாச்சு. பழைய இழைகளைத் தேடிப் படிச்சிட்டுக் கேட்டா நல்லது. பட்டம் வாங்கின பிள்ளைங்களுக்கு இதைக்கூடச் சொல்லித்தர வேண்டியிருக்கு. சரி, கடைசித் தடவையா விளக்கறேன்.

டிக்கெட் போடுற கணினி முறையில பேரு ஒரே வரிசையிலதான் பதிவாகும்: குடும்பப் பெயர், அடுத்து ஒரு சாய்கோடு, அடுத்து தனிப்பெயர். ரெண்டு பேரையும் பிரிக்கிற குறியே அந்தச் சாய்கோடுதான். அதனால ஏ/பி-ல இருக்கிற கோட்டைப் பெரும்பாலான படிவங்கள் ஏத்துக்காது. கடப்பிதழ்ப் பக்கத்துக்கு அடியில இயந்திரம் படிக்கிற ரெண்டு வரி இருக்கே, அதுலயும் இதே கதை. 26 ஆங்கில எழுத்து, எண்கள், இடத்தை நிரப்புற ஒரு குறி. இதைத் தவிர வேற எதுக்கும் அங்க இடமில்ல, சாய்கோட்டுக்கும் இல்ல. அதனால சிலர் ஏபின்னு ஒட்டிப் போடுவாங்க, சிலர் விட்டுடுவாங்க. ரெண்டு மாதிரியும் நம்ம ஆளுங்க தினமும் பறந்துக்கிட்டுத்தான் இருக்காங்க. இதுக்கு மேல இதுல பேச ஒன்னுமில்ல.

குணா_பீடோர்:
அதை விடுங்க, பிடிபிடிஎன் படிப்புக் கடன் இருக்கா? கட்டாம இருந்தா குடிநுழைவுல பேரு வந்து நிக்கும். என் கூட்டாளியை அப்படித்தான் நிறுத்துனாங்க. முதல்ல அதைப் பாருங்க.

ஈப்போ ரவி:
குணா, அது பழைய கதை. கடன் கட்டாதவங்க வெளிநாடு போகக்கூடாதுங்கிற தடையை 2018-லயே எடுத்துட்டாங்க. வேற ஏதாவது தடை இருக்கான்னு பார்க்கணும்னா குடிநுழைவுத் துறையோட எஸ்எஸ்பிஐ பக்கத்துல ஐசி (அடையாள அட்டை) எண்ணைப் போட்டாப் போதும். அதுவும் இந்தப் பிள்ளை இப்பதான் படிச்சு முடிச்சிருக்கு, இன்னும் கட்டவே ஆரம்பிச்சிருக்காது.

குணா_பீடோர்:
பழைய கதையோ புதுக் கதையோ, பார்த்துட்டுப் போறதுல என்ன நஷ்டம்?

ரயில்பிரியன்:
ஜப்பானா? உடனே ஜேஆர் பாஸ் எடுத்துடுங்க. ஏழு நாளைக்குப் பெரும்பாலான ஜேஆர் ரயில்கள்ல ஏறலாம். அது இல்லாம ஜப்பான் போறது காசைக் கரியாக்குறது.

மலர்_தைப்பிங்:
அது முன்ன. 2023 அக்டோபர்ல ஏழு நாள் பாஸ் 29,650 யென்ல இருந்து 50,000 யென்னுக்கு ஏறிடுச்சு. ஒசாகாவுல தங்கி கியோத்தோ, நாரா சுத்துறவங்களுக்கு அது எதுக்கு? ஒசாகாவுல இருந்து கியோத்தோ அரை மணி நேரம், 600 யென்கூட ஆகாது. ஹிரோஷிமாவுக்குப் புல்லட் ரயில்ல போய் வந்தாலும் 21,000 யென் அளவுலதான். கணக்குப் போட்டுட்டு எடுங்க.

சிப்புட்பொண்ணு:
மன்னிக்கணும், வீட்டுல லைன் சரியில்ல. ஜூலை 16 கிளம்பி 27 திரும்புறேன். நேரா ஒசாகா. அண்ணன் அவரு கார்டுல ஏதோ ஒரு புக்கிங் தளத்துல எடுத்துக் கொடுத்தாரு. முதல் கட்டத்துல என் பேரு, ரெண்டாவது கட்டத்துல அப்பா பேரு. ஏ/பி மட்டும்தான் இல்ல. பிடிபிடிஎன் பிரச்சினை இல்ல.

வாசு_கிள்ளான்:
இதுக்குத்தான் சொல்றேன், மகன், மகள்னு காட்டுற இந்த ஏ/எல், ஏ/பி-யையே விட்டுத் தொலைக்கணும். என் மகனுக்குப் பிறப்புப் பத்திரத்துலயே போடல. அவன் பேரு, என் பேரு, அவ்வளவுதான். எங்க போனாலும் அவனுக்குத் தொல்லை இல்ல.

தோட்டத்துப்பிள்ளை:
எதுக்குண்ணே விடணும்? எங்கப்பா இருட்டுலயே நெத்தி விளக்கைக் கட்டிக்கிட்டுப் பால் மரம் சீவப் போவாரு. மழை வந்து பால் பிடிக்கிற மங்கு நிறைஞ்சா அன்னிக்குச் சம்பளம் போச்சு. அப்படித்தான் என்னைப் படிக்க வச்சாரு. நான் அவரு மகள்னு என் ஐசி சொல்லுது. எவனோ எழுதுன படிவம் ஒரு கோட்டை ஏத்துக்கலங்கறதுக்காக அதை நான் எடுக்கணுமா? படிவத்தை மாத்தச் சொல்லுங்க.

வாசு_கிள்ளான்:
நான் மட்டும் அப்பா மேல மரியாதை இல்லாமயா பேசுறேன்? ஜெர்மனியில வேலை பார்த்தப்போ ஆபீஸ்ல, பேங்குல, ஆஸ்பத்திரியில எல்லா இடத்துலயும் என்னை எங்கப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. அவரு தவறி அப்போ கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு. காத்திருக்கிற அறையில நர்ஸம்மா அவரு பேரைச் சத்தமா கூப்பிடும்போது "நான்தான்"னு எழுந்து போறது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. என் மகனுக்கு அது வேண்டாம்னு நினைச்சேன்.

தோட்டத்துப்பிள்ளை:
அது கஷ்டம்தான் அண்ணே, புரியுது. ஆனா ஏ/எல் எடுத்தாலும் கடைசியில நிக்கறது உங்க பேருதானே, நாளைக்கு உங்க மகனையும் உங்க பேரைச் சொல்லித்தானே கூப்பிடுவாங்க? நமக்குக் குடும்பப் பெயர் கிடையாதுங்கறதை அவங்க புரிஞ்சுக்கணும். கோட்டை எடுக்கறதால அது தீராது.

சேகர் (மூத்த உறுப்பினர்):
சிங்கப்பூர்க்காரங்க எஸ்/ஓ, டி/ஓ போட்டுக்கிட்டு இதே பாடுதான் படறாங்க. இந்த விவாதத்துக்குத் தனி இழை இருக்கு, அங்க போங்க.

பழைய ஏஜென்ட் மணி:
ரொம்ப வருஷம் டிக்கெட் போட்டவன்கிற முறையில ஒன்னு கேக்கறேன்மா. எல்லாரும் ஏ/பி-யைப் பத்தியே பேசுறாங்க. நீங்க இப்ப கடப்பிதழை எடுத்து டிக்கெட் பக்கத்துல வைங்க. உங்க பேரை, அப்பா பேரை எழுத்து எழுத்தா விரலை வச்சு ஒப்பிடுங்க. இங்க பேரைப் போட வேண்டாம், நீங்க மட்டும் பாருங்க. நம்ம ஆளுங்க பேருல பிரச்சினை வர்ற இடம் வேற. கடைசி எழுத்து ஒய்-ஆ ஐ-ஆ, எச் இருக்கா இல்லையா, டி ஒன்னா ரெண்டா. ஒரே வீட்டுல அண்ணன் ஐசியில அப்பா பேரு ஒரு மாதிரி, தங்கச்சி ஐசியில வேற மாதிரி இருக்கும். அந்தக் காலத்துல பதியப் போன இடத்துல எழுதுற கிராணி காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி எழுதினதுதான். உங்க அண்ணன் எடுத்த டிக்கெட்டுங்கறதால கேக்கறேன்.

சிப்புட்பொண்ணு:
ஐயோ. அண்ணன் அப்பா பேரை அவரு ஐசியில இருக்கிற மாதிரி ஐ போட்டு முடிச்சிருக்காரு. என் கடப்பிதழ்ல ஒய்!! இப்ப என்ன பண்றது?

பழைய ஏஜென்ட் மணி:
பதறாதீங்க. ஓரெழுத்துத் திருத்தம் வேற, ஆளை மாத்தறது வேற. ஆளை மாத்தத்தான் பெரும்பாலும் விட மாட்டாங்க. எழுத்துத் திருத்தம் பொதுவா செஞ்சு கொடுப்பாங்க, ஆனா டிக்கெட் யார்கிட்ட வாங்கினீங்களோ அவங்க மூலமாத்தான் போகணும். விமான நிறுவனத்தைக் கூப்பிட்டா "வித்தவங்ககிட்ட கேளுங்க"ன்னுதான் சொல்லுவாங்க. அதனால அண்ணன் முதல்ல அந்தத் தளத்துக்கு எழுதணும், கடப்பிதழ் பக்கத்தைப் படமெடுத்து இணைச்சு. போன்ல பேசினாலும் முடிவை மின்னஞ்சல்ல கேட்டு வாங்குங்க. ஏ/பி இல்லாததையும் அதே கடிதத்துல கேட்டுடுங்க. பதில் வந்ததும் ஒரு தாள்ல அச்சடிச்சுக் கையில வச்சுக்குங்க. கிளம்புற நாள் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க, கவுண்டர்ல நின்னுக்கிட்டுத் திருத்தறது ரொம்பச் சிரமம்.

இன்னொன்னு. கடப்பிதழ் எப்போ காலாவதி ஆகுது? ஆறு மாசமாவது மிச்சம் இருக்கட்டும். நம்ம சிப் கடப்பிதழுக்கு ஜப்பான்ல 90 நாள் வரைக்கும் விசா வேண்டாம், ஆனா கடப்பிதழ் நல்ல நிலையில இருக்கணும்.

மலர்_தைப்பிங்:
மணி அண்ணே, எங்க வீட்டுலயும் இதே கதைதான், மூணு பிள்ளைங்க ஐசியில அம்மா பேரு மூணு விதம்.

தங்கச்சி, உங்க தேதியைப் பார்த்தேன். ஜூலை 17-லயும் 24-லயும் கியோத்தோவுல கியோன் திருவிழாத் தேர் ஊர்வலம். ஆளுயரச் சக்கரத்தோட அவ்வளவு பெரிய தேரை மனுஷங்களே கயிறு கட்டி இழுப்பாங்க. நம்ம கோயில் தேரைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு மேலெல்லாம் சிலிர்க்கும். அன்னிக்குக் கியோத்தோவுல ரூம் கிடைக்கறது குதிரைக்கொம்பு, ஒசாகாவுல தங்கிட்டுக் காலையில போங்க. 24, 25-ல ஒசாகாவுலயே டென்ஜின் திருவிழா, 25 ராத்திரி ஆத்துல படகு ஊர்வலம், வாணவேடிக்கை. உங்களுக்கு ரெண்டும் அமையுது.

வெள்ளிக்கிழமை மரக்கறின்னா உடோன் சூப்பைக் கேட்டுக் குடிங்க. மேல காய்கறி மட்டும் மிதந்தாலும் அடியில மீன் சாறு இருக்கும். சூரை மீனைப் புகை போட்டுக் கல்லு மாதிரி காயவச்சுச் சீவுவாங்க, நம்ம மாசிக் கருவாடு மாதிரியே. அது விழாத சூப்பு ரொம்பக் குறைச்சல்.

அம்மாகிட்ட இதையும் சொல்லுங்க. ஒசாகா மிதோசுஜி ரயில்ல பொம்பளைங்களுக்கு மட்டும்னு தனிப் பெட்டி இருக்கு. ஹாஸ்டல்லயும் பொம்பளைங்க மட்டும் தங்குற அறை கேட்டு எடுக்கலாம்.

குணா_பீடோர்:
சளி மாத்திரை கொண்டு போறதுன்னா பார்த்துக் கொண்டு போங்க. சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல இருந்தா ஜப்பானுக்குள்ள கொண்டு போகக்கூடாது. இது பழைய கதை இல்ல ரவி, நீங்களே பாருங்க.

ஈப்போ ரவி:
இது சரிதான் குணா.
சிப்புட்ல இருந்து இடிஎஸ் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலைய ரயில் 55 வெள்ளி. காலை விமானம்னா நேரம் ஒத்து வராது. ஈப்போ அமான்ஜெயா பஸ் நிலையத்துல இருந்து விமான நிலையத்துக்கே நேரா பஸ் இருக்கு, அதைப் பாருங்க.

ரயில்பிரியன்:
பாஸ் வேண்டாம்னே முடிவு பண்ணிட்டீங்களா? ஹிரோஷிமாவோட தோக்கியோவும் போறதா இருந்தா இன்னொரு தடவை கணக்குப் போடலாம்.

வாசு_கிள்ளான்:
தோட்டத்துப்பிள்ளை, நீங்க சொன்னதை வீட்டுல பேசினோம். மகன் "எனக்கு உங்க பேருல கூப்பிட்டா பரவாயில்ல"ங்கறான். அவன் இஷ்டம்.

சிப்புட்பொண்ணு:
திருத்திக் கொடுத்துட்டாங்க! புது டிக்கெட்ல ஒய். ஏ/பி இல்லாட்டியும் பரவாயில்லன்னு மின்னஞ்சல்ல வந்துச்சு, அச்சடிச்சு வச்சிட்டேன். மணி அண்ணே, ரொம்ப நன்றி. அமான்ஜெயா பஸ்தான். ரயில் பாஸ் எடுக்கல. போயிட்டு வந்து எழுதறேன்.

நிலா_குளுவாங்:
இதே இழையில கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. தம்பிக்கு துருக்கி டிக்கெட், ஏஎல்-ஐ அப்பா பேரோட ஒட்டியே போட்டிருக்கு, நடுவுல இடைவெளி இல்ல. இதுக்கும் எழுதித் திருத்தணுமா?

பழைய ஏஜென்ட் மணி:
ஒட்டி வர்றது சகஜம்மா, அது பரவாயில்ல. எழுத்தைப் பாருங்க. டிக்கெட் யாரு எடுத்தது?