ஆன்லைன் ராலி சீசன்ல ஒரு சந்தேகம்

வணக்கம் மக்களே. இங்க ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி ஓட்டுறவங்க யாராவது இருக்கீங்களா? 2004ல வந்த கார் ராலி கம்ப்யூட்டர் கேம், ஆனா காரோட எடை முன்னும் பின்னும் சாயுறது அப்படியே கையில தெரியும்.

முதல் தடவையா ஒரு ஆன்லைன் சாம்பியன்ஷிப்ல பேர் கொடுத்திருக்கேன். எட்டு சுற்று. சுற்றுக்கு ஒரு வாரம் டைம், அதுக்குள்ள எப்ப வேணா ஓட்டலாம். நிஜ ராலி மாதிரியே தனியா கடிகாரத்தோடதான் போட்டி. ஒரு சுற்றுல பல ஸ்டேஜ், அதாவது தனித்தனியா நேரம் பாக்குற சாலைத் துண்டு. எல்லா ஸ்டேஜ் நேரத்தையும் கூட்டி, முதல் மூணு பேருக்கு 25, 18, 15னு பாயிண்ட், அடுத்தவங்களுக்கு இன்னும் கம்மியா. இதுவரைக்கும் புரியுது.

நேத்து ராத்திரி பின்லாந்து பனியில, கைஹுவவாரா ஸ்டேஜ். இடது வளைவுல கொஞ்சம் லேட்டா பிரேக் பிடிச்சேன். கார் பனிச்சுவருக்குள்ள மூக்கை நுழைச்சு நின்னுடுச்சு. ரிவர்ஸ் போட்டா சக்கரம் சும்மா சுத்துது. ரீஸ்டார்ட்டும் கிடையாது.

சூப்பர் ராலினு ஒரு வழி இருக்காம், மாட்டின ஸ்டேஜை விட்டுட்டு அபராத நேரத்தோட மிச்ச ஸ்டேஜ்களை முடிக்கலாமாம். ஆனா சீசன் கடைசியில மோசமான ஒரு சுற்றைக் கணக்குலேர்ந்து கழிச்சுடுவாங்க. இதையே அந்தச் சுற்றா விட்டுடலாமா, இல்ல ரெண்டு பாயிண்ட்டாவது தேத்தணுமா? இன்னும் ஏழு சுற்று இருக்கே, அதுல எங்க கவிழ்க்கப்போறேனோ! அனுபவப்பட்டவங்க சொல்லுங்கப்பா, ஞாயித்துக்கிழமை ராத்திரியோட டைம் முடியுது.