நாயும் வீடும் வர்ற படப்புத்தகம்: இரண்டரை வயசுக்கு எப்படிப் படிச்சுக் காட்டுறது?

அல்சூர்வாசி:
பெங்களூருல இருக்கோம். பொண்ணுக்கு இரண்டரை வயசு. வீட்டுல தமிழ், டேகேர்ல கன்னடமும் இங்கிலீஷும். நாயும் வீடும் வர்ற புத்தகம் நாலஞ்சு இருக்கு. "நாய் வீட்டிற்குள் சென்றது"ன்னு படிச்சா மூணாவது பக்கத்துல எந்திரிச்சுப் போயிடுறா. "இது என்ன?"ன்னு கேட்டா "நாயி", அதோட சரி. புத்தகம் சரியில்லையா, நான் படிக்கிற விதமா? இலவசமா தமிழ்ப் புத்தகம் எங்க கிடைக்கும்?

மடிவாசிப்பு:
"வீட்டிற்குள் சென்றது" அவ காதுக்குப் பழகாத தமிழ். முதல் நாலஞ்சு தடவை எழுத்தைத் தொடாதீங்க. படத்தைப் பார்த்து "நாய் வீட்டுக்குள்ள போயிடுச்சு!"ன்னு பேச்சுல சொல்லுங்க. கதை பழகினதும், திரும்பத் திரும்ப வர்ற வரி ஒண்ணை மட்டும் அச்சுல உள்ளபடியே படிங்க.

"இது என்ன?"க்கு ஒரே சொல்தான் பதில், அதான் அங்கேயே நிக்குது. "நாய் எங்க?"ன்னு கேளுங்க. நாயும் வீடும் சேர்ந்த படத்துல கிடைக்கிற லாபமே இதுதான்: வீட்டுக்குள்ள, வீட்டுக்குப் பின்னாடி, கட்டிலுக்கு அடியில, மாடிப்படி மேல. வீடு எப்போ "வீட்டு" ஆகுதுன்னு இந்த வயசுல விளக்க முடியாது. காதுல விழுந்து விழுந்துதான் வரும்.

கேட்டுட்டு மனசுக்குள்ள அஞ்சு வரை எண்ணுங்க. பெரியவங்க ரெண்டு எண்றதுக்குள்ளயே பதிலைச் சொல்லிடுறதுதான் வழக்கமான தப்பு. அவ "அடில"ன்னா, "ஆமா, கட்டிலுக்கு அடில ஒளிஞ்சிருக்கு"ன்னு ரெண்டு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்க. 1988-ல ஒயிட்ஹர்ஸ்ட்ங்கிற அமெரிக்க உளவியலாளரோட குழு வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட இந்த முறையைத்தான் சோதிச்சுது: ஒரு மாசம் இப்படிப் படிச்சுக் காட்டின சின்னக் குழந்தைங்க, சும்மா வாசிக்கக் கேட்ட குழந்தைங்களைவிடப் பேச்சுல முன்னாடி போனாங்க.

"நாயி" தப்பில்ல, சுத்தமான கன்னடம். "டேகேர்ல நாயி, நம்ம வீட்டுல நாய்; அங்க மனெ, இங்க வீடு"ன்னு விளையாட்டா சொல்லுங்க, போதும்.

காகிதக்கப்பல்:
இலவசம்னா ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-ல ஆரம்பிச்ச இணையதளம், நம்ம ஊர்தான். மொழி தமிழ், வாசிப்பு நிலை 1னு வடிகட்டுங்க. நிலை 1லயே 250 சொல் வரை போகும், அவளுக்கு அது நீளம். பக்கத்துக்கு ஒரு வரி இருக்கிறதா எடுங்க. பெரும்பாலும் திறந்த உரிமம்தான், அச்சடிச்சுக் கொடுக்கலாம். எழுதினவர், வரைஞ்சவர் பேர் உள்ள பக்கத்தை மட்டும் விட்டுடாதீங்க.

ஜெராக்ஸ் கடைக்குப் பிடிஎஃப்பாவே அனுப்புங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்தா எழுத்து மங்கும். வேர்டுல ஒட்டினா சில கம்ப்யூட்டர்ல "கொ" உடைஞ்சு கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிக்கும். 130 ஜிஎஸ்எம் கனத்துல, பளபளப்பு இல்லாத தாள் கேளுங்க. பளபளத் தாள்ல டியூப்லைட் வெளிச்சம் அடிச்சு நாய் மூஞ்சியே தெரியாது.

காசு கொடுத்து வாங்கினா சென்னை துலிகா பதிப்பகத்தோட தமிழ்–இங்கிலீஷ் இருமொழிப் புத்தகங்களைப் பாருங்க. அல்சூர்லயே தமிழ்ச் சங்க நூலகம் இருக்கே, அங்கயும் கேளுங்க.

அட்டைப்பெட்டி:
கதவைத் திறந்தா உள்ள நாய் தெரியுற அட்டைப் புத்தகம் ஒண்ணு நீங்களே செய்யலாம், அரை மணி நேர வேலை. கெட்டியான கல்யாணப் பத்திரிகை அட்டை ரெண்டு, 15 செ.மீ. சதுரமா. முன் அட்டையில வீட்டை வரைஞ்சு, 5க்கு 7 செ.மீ. கதவை மூணு பக்கம் மட்டும் அறுங்க. நாலாவது பக்கத்துல ஸ்கேல் வெச்சு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால அழுத்திக் கோடு போட்டு மடிங்க. கோடு போடாம மடிச்சா அட்டை வெடிச்சு ரெண்டே நாள்ல கதவு கையோட வந்துடும். மடிப்புல உள்ளயும் வெளியயும் செல்லோடேப். கதவு ஓரத்துல விரல் நுழைய அரைவட்டம் வெட்டலைன்னா, குழந்தை நகத்தால பிராண்டிக் கிழிச்சுடும்.

பின் அட்டையில, கதவுக்கு நேரா நாய். ரெண்டு அட்டையையும் ஒட்டுறதுக்கு ஃபெவிகால் வேண்டாம், ஈரத்துல அட்டை வளையும். ரெட்டைப் பக்க டேப்தான் நல்லது. ஸ்டேப்ளர் கூடவே கூடாது, வாயில போகும்.

புத்தகத்து வீட்டுல புகைபோக்கி இருக்கும். நீங்க பால்கனி கிரில், லிஃப்ட், செருப்பு ஸ்டாண்டு, வாசல் கோலம் வரைங்க. நாய் ஒளிய எவ்வளவு இடம்! வரைஞ்ச வீட்டுக்கு "நாய் வளர்க்கக் கூடாது"ன்னு சொல்ற ஓனரும் கிடையாது.

தெருமுனை:
ஒண்ணு விட்டுப்போச்சு. படத்து நாய் எப்பவும் கட்டிப்பிடிக்கவிடும், தெரு நாய் விடாது. நாய் சாப்பிடுற, தூங்குற, குட்டியோட இருக்கிற பக்கம் வந்தா "இப்போ கிட்ட போகலாமா?"ன்னு கேட்டுப் பழக்குங்க. வாலாட்டினா சிநேகம்னு சொல்லித்தராதீங்க, பதட்டத்துலயும் ஆட்டும். நகம் பட்டுக் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னிக்கே ஆஸ்பத்திரி.

அல்சூர்வாசி:
எல்லாருக்கும் நன்றி. நாய் சத்தத்தை "லொள் லொள்"ன்னே சொல்லட்டுமா, டேகேர்ல "பௌ பௌ"ங்கிறாங்க.

மடிவாசிப்பு:
ரெண்டும் இருக்கட்டும். கூடவே கோபத்துக்கு "வள்", எச்சரிக்கைக்கு "உர்ர்", ராத்திரிக்கு "ஊஊ". "உர்ர்" வர்ற பக்கத்துல குரலைத் தாழ்த்தி, புத்தகத்தைக் கொஞ்சம் பின்னால இழுத்துக்கோங்க. அவளும் சேர்ந்து பின்வாங்குவா.