உதவி: ‘டர்ன் இட் ஆஃப்’ சரி, ‘லுக் இட் அட்’ தவறு. ஏன்?

கேள்வி:
வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் எப்போதும் ஒரே இடத்தில்தான் மதிப்பெண் போகிறது. ‘டர்ன் ஆஃப் இட்’ தவறாம், ‘டர்ன் இட் ஆஃப்’ என்று வர வேண்டுமாம். சரி என்று ‘லுக் இட் அட்’ எனப் போட்டால் அதுவும் தவறு. பட்டியலை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில் 1:
உண்டு. இந்த இரண்டையும் பாருங்கள்: ‘ரேன் அப் எ ஹில்’, ‘ரேன் அப் எ பில்’. முதலாவது, குன்றின் மேல் ஓடினான். இரண்டாவது, பாக்கியை ஏற்றிக்கொண்டே போனான்.

எங்கே ஓடினான் என்று கேட்டால் ‘அப் எ ஹில்’ என்று பதில் வரும். அங்கே ‘அப்’ குன்றோடு சேர்ந்தது, பிரிக்க முடியாது. அதனால் ‘ரேன் அப் இட்’. பாக்கி விஷயத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ‘அப்’ வினையோடு சேர்ந்து பொருளையே மாற்றிவிட்டது. அதனால் ‘ரேன் எ பில் அப்’ என்றும் சொல்லலாம். ‘இட்’ வந்தால் கட்டாயம் நடுவில்தான்: ‘ரேன் இட் அப்’.

இன்னொரு சோதனை, இடையில் ஒரு சொல்லை நுழைத்துப் பார்ப்பது. ‘லுக் கேர்ஃபுலி அட் தி பிக்சர்’ நன்றாக நிற்கும், ஏனென்றால் ‘அட்’ பின்னால் வரும் பெயரோடு சேர்ந்தது. ‘டர்ன் க்விக்லி ஆஃப் தி லைட்’ நிற்காது, ‘ஆஃப்’ வினையோடு சேர்ந்தது. வாய்விட்டுச் சொன்னாலும் பிடிபடும்: ‘டர்ன் இட் ஆஃப்’ என்பதில் அழுத்தம் ‘ஆஃப்’ மேல் விழும், ‘லுக் அட் இட்’ என்பதில் ‘அட்’ தேய்ந்துவிடும்.

பதில் 2:
அருமையான விளக்கம். தேர்வுக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ‘கோப் அப் வித்’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். ‘கீப் அப் வித்’, ‘கேட்ச் அப் வித்’ எல்லாம் காதில் விழுந்து பழகியதால் வருவது என்று நினைக்கிறேன். ‘கோப் வித்’ மட்டும் போதும். ‘டிஸ்கஸ்’ பின்னால் ‘அபவுட்’ கூடவே கூடாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்போது ‘புட் அப் வித்’ வந்தால் ‘இட்’ எங்கே?

பதில் 1:
கடைசியில், ‘புட் அப் வித் இட்’. ‘வித்’ தனக்கு அடுத்து வரும் பெயரோடு சேர்வது, குன்றுக்கு முன்னால் வந்த ‘அப்’ போலவே.

சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன் மாணவர் அகராதிகளைத் திறந்து ‘சம்திங்’ எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ‘டர்ன் சம்திங் ஆஃப்’ என்று நடுவில் இருந்தால் ‘இட்’டும் நடுவில். பொருளை மட்டும் படித்துவிட்டு அகராதியை மூடிவிடாதீர்கள்.