ஸ்காட்லாந்து, 1590: என் நாயகி தன் காதலனை வசியம் செய்யலாமா?

நெய்தல் கேட்டது:

பதினைந்து வயதைக் கடந்த இளையோருக்காக ஒரு மாயப்புனைவுக் காதல் நாவலை எழுதி வருகிறேன். கதை 1590ஆம் ஆண்டில், எடின்பரோவுக்குக் கிழக்கே ட்ரானென்ட் பகுதியில் நடக்கிறது. நாயகி ஒரு பெரிய வீட்டின் பணிப்பெண். மூலிகை வைத்தியம் தெரிந்தவள். மந்திர ஆற்றலும் உண்மையாகவே உடையவள். அவள் விரும்பும் கொல்லன் மகனுக்கு அவன் வீட்டார் வேறிடத்தில் பெண் பேசி முடிக்க முனைகிறார்கள். அந்த நெருக்கடியில் அவள் அவனை வசியம் செய்து மணந்துகொள்வதாக முதல் வரைவில் எழுதியிருக்கிறேன். அதைப் படித்த தோழி, "வசியத்தால் வந்ததை நான் எப்படிக் காதல் என்று நம்புவேன்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் அடுத்த அத்தியாயத்தைத் தொட மனம் வரவில்லை. வசியத்தையே நீக்கிவிட வேண்டுமா? அக்காலத்தில் அங்கே காதலும் கல்யாணமும் எப்படி நடந்தன என்பதை அறிந்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பழைய ஏடு பதிலளித்தது:

நீக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் தேர்ந்தெடுத்த நாட்டின் திருமணச் சட்டமே உங்கள் தோழியின் கேள்வியைக் கதைக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஸ்காட்லாந்தில் ஓர் ஆணும் பெண்ணும் "இப்போதே உன்னை என் துணையாக ஏற்கிறேன்" என்று ஒருவருக்கொருவர் மனமொப்பிச் சொல்லிவிட்டால், பாதிரியார் இல்லாவிட்டாலும், பெற்றோர் சம்மதிக்காவிட்டாலும், அது செல்லுபடியாகும் திருமணமே. 1560ஆம் ஆண்டின் சமயச் சீர்திருத்தத்திற்குப் பிறகு, கோயிலில் முன்கூட்டியே அறிவித்து ஊரறிய மணம் முடிக்க வேண்டும் என்று திருச்சபை வற்புறுத்தியது. மீறியவர்களைத் தண்டிக்கவும் செய்தது. ஆனாலும் அந்தத் திருமணம் இல்லாமல் போய்விடவில்லை. சம்மதச் சொல்லால் மட்டுமே அமையும் இந்த வகைத் திருமணம் அங்கே 1940 வரை நீடித்தது.

அப்படியானால் அந்த நாட்டில் ஒரு திருமணத்தைத் தாங்கி நிற்பது சம்மதம் ஒன்றுதான். அச்சுறுத்திப் பெற்ற சம்மதம் சம்மதமாகாது என்பது பழைய திருச்சபைச் சட்டத்தின் கொள்கை. மந்திரத்தால் பெற்ற சம்மதம் மட்டும் எப்படிச் சம்மதமாகும்? கொல்லன் மகன் அவள் கையைப் பற்றி அந்தச் சொற்களைச் சொல்லும் கணத்தில், சொல்வது அவன்தானா, தன் மந்திரம்தானா என்பது அவளுக்கே தெரியாமல் போகட்டும். ஊருக்கு அவள் மனைவி. தன் மனத்துக்கு அவள் யார்? உங்கள் நாவலின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரு சிறு எச்சரிக்கை. கைகோத்து உறுதி செய்யும் சடங்கை "ஓராண்டும் ஒரு நாளும் சேர்ந்து வாழ்ந்து பார்க்கும் ஒப்பந்தம்" என்று பலரும் எழுதுகிறார்கள். அது பிற்காலத்தில் பரவிய கதை. அக்காலத்தில் அது நிச்சயதார்த்தம் போன்றதே.

மலைத்தேன் பதிலளித்தது:

வசியம் என்றதும் ஜான் ஃபியன் நினைவுக்கு வருகிறார். நீங்கள் எழுதும் அதே வட்டாரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவரைப் பற்றி 1591இல் வெளியான துண்டு நூல் ஒன்று இப்படிச் சொல்கிறது. தான் விரும்பிய பெண்ணின் தம்பி தன்னிடம் படிப்பதால், அக்காளின் முடியில் மூன்றைக் கொண்டுவரும்படி அவனை ஏவுகிறார். தூக்கத்தில் சீண்டப்பட்ட பெண் தாயிடம் முறையிட, விவரம் அறிந்த தாய், கன்று ஈனாத ஒரு கிடாரியின் முடியில் மூன்றைக் கத்தரித்துப் பையனிடம் கொடுத்தனுப்புகிறாள். ஆசிரியர் மந்திரத்தைச் செய்து முடித்ததும் கிடாரி துள்ளிக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்து அவர் பின்னாலேயே சுற்றுகிறது.

சிரிப்பூட்டும் கதைதான். ஆனால் அது, காலை நசுக்கும் கருவியில் இட்டு வதைக்கப்பட்டு, 1591 ஜனவரியில் கொல்லப்பட்ட ஒரு மனிதரின் மீது ஏற்றப்பட்ட கதை. மன்னர் ஆறாம் ஜேம்ஸ் 1589இல் டென்மார்க் இளவரசி ஆன்னை மணந்தபோது கடலில் எழுந்த புயல்களுக்குச் சூனியக்காரர்களே காரணம் என்று தொடங்கிய விசாரணையில் சிக்கியவர்களுள் அவரும் ஒருவர். ஓர் அரசத் திருமணத்திலிருந்து கிளம்பிய வேட்டை இது என்பதை உங்கள் கதை மறக்காமல் இருந்தால் மகிழ்வேன்.

நெய்தல் மீண்டும் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சம்மதச் சொல்லைச் சுற்றியே நடு அத்தியாயத்தைத் திரும்ப எழுதப் போகிறேன். வசியத்துக்கு முன்பு, அவள் தன் காதலை மந்திரத்தால் சோதித்துப் பார்ப்பதாக ஒரு மென்மையான காட்சியும் வேண்டும். அதற்கு ஏற்ற வழக்கங்கள் உண்டா?

சாளரம் பதிலளித்தது:

உண்டு. ஹாலோவீன் இரவில் இளம்பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்தில் ஒரு கேல் கீரைத் தண்டைப் பிடுங்குவார்கள். தண்டு நேராக இருந்தால் வரப்போகும் கணவனின் உடல்வாகும் அப்படியே; கோணலாக இருந்தால் அவனும் கோணல்; வேரில் மண் ஒட்டியிருந்தால் கையில் காசு சேரும்; நடுத்தண்டின் சுவை இனிப்பா கசப்பா என்பதை வைத்து அவன் குணத்தைச் சொல்வார்கள். இரண்டு கொட்டைகளுக்குக் காதலர் பெயரை இட்டு நெருப்பில் வைப்பதும் உண்டு: இரண்டும் அமைதியாகச் சேர்ந்து எரிந்தால் நல்ல சகுனம், ஒன்று வெடித்து விலகினால் காதல் கைகூடாது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் இவற்றைப் பதிவு செய்தார். உங்கள் காலத்துக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பிந்திய சான்று என்பதை மனத்தில் வைத்து, மாயப்புனைவு தரும் உரிமையோடு பயன்படுத்துங்கள்.

இவை எதிர்காலத்தைக் கேட்பவை, எவரையும் கட்டாயப்படுத்துபவை அல்ல. கொட்டை வெடித்து விலகிய பிறகும் அவள் வசியத்துக்குத் துணிகிறாள் என்றால், அவள் எதை மீறுகிறாள் என்பது வாசகருக்கு விளக்கமின்றியே புரிந்துவிடும்.

ஆனால் எத்தனை மென்மையான காட்சியாக இருந்தாலும் அச்சம் அதனுள் இருக்க வேண்டும். 1563ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சூனியம் செய்பவருக்கு மட்டுமன்றி, அவரிடம் போய்க் கேட்பவருக்கும் மரண தண்டனை உண்டு. ஆகவே தோழிகளை உடன் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதே நாயகிக்கு ஒரு சிக்கல். ட்ரானென்ட்டில் கெய்லிஸ் டங்கன் என்ற பணிப்பெண் நோய்களைக் குணப்படுத்தியதாலும், இரவில் வீட்டை விட்டு வெளியே போனதாலும் எசமானனின் ஐயத்துக்கு ஆளானாள். நீதிமன்றம் போகும் முன்பே அவன் அவள் விரல்களைக் கருவியில் இட்டு நெரித்தான். தலையைக் கயிற்றால் இறுக்கினான். அவள் வாயிலிருந்து வரவழைத்த பெயர்களிலிருந்துதான் விசாரணை பரவியது. உங்கள் நாயகியும் பணிப்பெண், வைத்தியம் தெரிந்தவள். காதலனைப் பார்க்க அவள் இரவில் கதவைத் திறக்கும்போதெல்லாம், மாடியில் விழித்திருக்கும் எசமானனையும் ஓரிரு வரிகளில் காட்டுங்கள்.